பேத்தி கையை ஒடிச்சிட்டேனா டாக்டர்?

1/ நேத்து நைட் டூட்டி. 2 வயசுக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஒரு பாட்டி அழுதுகிட்டே வந்தாங்க. ரோட்டுல பைக் வேகமா வந்திருக்கு. பதறிப்போய் பேத்தியை ஒரு கையைப் பிடிச்சு வெடுக்னு இழுத்திருக்காங்க. அதுல இருந்து குழந்தை அந்தக் கையைத் தூக்கவே இல்ல. விழல, வீக்கமும் இல்ல.

2/ என்ன ஆச்சுன்னு புரிய, முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சு உள்ளங்கையை மேலயும் கீழயும் திருப்பிப் பாருங்க. மாட்டால இதைச் செய்ய முடியாது.

3/ நம்ம கை, மாட்டின் முன்னங்கால், வௌவால் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான். மேல ஒரு எலும்பு, கீழ ரெண்டு, அப்புறம் மணிக்கட்டு, விரல்கள். மாடு படுக்கும்போது மடக்குதே முன்னங்கால் 'முட்டி', அது உண்மையில அதோட மணிக்கட்டு! ஆனா பாரம் தாங்குற அந்தக் கால்ல கீழ் ரெண்டு எலும்பும் ஒண்ணா ஒட்டியிருக்கும். உறுதி உண்டு, திருப்ப முடியாது.

4/ நமக்கு ரேடியஸ் தனி எலும்பு, அல்னா மேல உருளும். அதனாலதான் சோத்தை எடுத்து வாயில வைக்கிறோம், சாவியைத் திருப்புறோம். ரேடியஸ் தலையை முழங்கையில பிடிச்சு வச்சிருக்கிறது மோதிரம் மாதிரி ஒரு நார் வளையம். சின்னக் குழந்தைகளுக்கு அது தளர்வா இருக்கும். நீட்டின கையை வெடுக்னு இழுத்தா, வளையம் நழுவி மூட்டுக்குள்ள மாட்டிக்கும்.

5/ கையை ஒரு முறை பக்குவமா திருப்பினேன். 'க்ளிக்'. அஞ்சே நிமிஷத்துல அதே கையால என் ஸ்டெதஸ்கோப்பை இழுத்தா. பாட்டி மட்டும் அழுகையை நிறுத்தல. "அம்மா, நானும் என் பொண்ணோட கையைப் பிடிச்சு ராட்டினம் சுத்தி இதே மாதிரி பண்ணியிருக்கேன். டாக்டரா இருந்தும்" னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

6/ அதனால சொல்றேன். 5 வயசு வரைக்கும் குழந்தையை ஒத்தைக் கையில தூக்காதீங்க, கையைப் பிடிச்சுச் சுத்தாதீங்க. சட்டை மாட்டும்போதும் கையை இழுக்காதீங்க. ஒருமுறை நழுவினா மறுபடியும் நழுவலாம்.

7/ நழுவிட்டா, எண்ணெய் போட்டு நீவறது, சுளுக்கு எடுக்கிறது வேண்டாம். எலும்பு முறிவும் இதே மாதிரி தெரியலாம். குழந்தை விழுந்திருந்தாலோ வீக்கம் இருந்தாலோ எக்ஸ்ரே அவசியம். நேரா டாக்டர்கிட்ட வாங்க.

8/ கிளம்பும்போது பாட்டி, பேத்தியை ரெண்டு அக்குள்லயும் கை கொடுத்துத் தூக்கினாங்க. நீங்களும் அப்படியே தூக்குங்க.