நூலும் நெருப்பும்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

‘நூல்’ என்ற சொல்லுக்கு எங்கள் சேவூரில் முதற்பொருள் புத்தகம் அன்று, இழை. ஆரணியைச் சுற்றியுள்ள பட்டு நெசவு ஊர்களில் பிறக்கும் குழந்தை, அகரத்தை அறியும் முன்பே பாவையும் ஊடையையும் அறிந்துவிடும். நூலுக்கு ஏடு என்றும் பொருள் உண்டு என்பதைப் பள்ளிக்குப் போன பிறகுதான் கற்றுக்கொள்ளும். இந்த இரண்டு பொருளையும் ஒன்றாக முடிந்து வைத்தவர் பவணந்தி முனிவர். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், அவனது அறிவைக் கதிராகவும் நன்னூலின் பாயிரத்தில் அவர் உவமிக்கிறார். தறிக்குழியில் கால் வைத்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்கு, அந்த உவமை தந்த பெருமிதம் கொஞ்சமன்று. எழுத்தும் எங்கள் தொழிலுக்கு உறவுதான் என்று தோன்றியது.

ஆனால் இழைக்குப் பகையான நெருப்பு, ஏட்டுக்கும் பகையாகவே இருந்து வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே சிந்திக்க விரும்புகிறேன்.

பெருமாள்முருகன் நம்முடையதைப் போன்ற அரசு கலைக் கல்லூரியில், நாமக்கல்லில், தமிழ் கற்பித்தவர். உழவர் குடும்பத்தில் பிறந்தவர். தம் மண்ணையும் மக்களையுமே எழுதியவர். பிள்ளையில்லாத காளி, பொன்னா என்னும் கணவன் மனைவியின் துயரத்தைச் சொல்லும் அவருடைய ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதன் படிகள் எரிக்கப்பட்டன. கடையடைப்பும் நடந்தது. 2015 ஜனவரி 12ஆம் நாள், அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டார். அதன்பின், எழுத்தாளனாகிய தான் இறந்துவிட்டதாக அவரே உலகிற்கு அறிவித்தார். உயிரோடிருக்கும் ஒருவர் தமக்குத் தாமே இரங்கல் எழுத நேர்ந்தது என்றால், அந்த நெருப்பு தாளை மட்டுமா எரித்தது?

2016 ஜூலை 5ஆம் நாள், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான சென்னை உயர்நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காதவர் புத்தகத்தைப் படிக்காமல் விடலாம் என்றும், எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுத வேண்டும் என்றும் கூறியது. அவரும் எழுதினார். ஆனால் அடுத்து வந்த கவிதைத் தொகுதியின் பெயர் ‘கோழையின் பாடல்கள்’. அதற்கடுத்த நாவலாகிய ‘பூனாச்சி’யின் கதாநாயகி ஒரு வெள்ளாடு. மனிதரை எழுத அஞ்சியே ஆட்டிடம் வந்ததாக முன்னுரையில் அவரே சொல்கிறார். நீதிமன்றம் உரிமையை மீட்டுத் தரலாம். உள்ளே குடியேறிய அச்சத்தை வெளியேற்ற அதற்கு வழியில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணிவிடக் கூடாது. பேச்சுரிமையை 1791 முதலே தன் அரசியல் சட்டத்தில் பொறித்து வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே நியூயார்க் மாநிலத்தின் சட்டாக்குவா என்னும் ஊரில், 2022 ஆகஸ்ட் 12ஆம் நாள், நாவலாசிரியர் சல்மான் ருஷ்டி மேடையில் கத்தியால் குத்தப்பட்டார். வலக்கண் பார்வை போயிற்று. துன்புறுத்தப்படும் எழுத்தாளர்களுக்கு அமெரிக்கா புகலிடமாக இருப்பதைப் பற்றி உரையாடவே அன்று அவர் மேடை ஏறியிருந்தார்! குத்தியவன் 24 வயது இளைஞன். 1988இல் அந்த நாவல் வெளிவந்தபோது பிறந்திராதவன். அதில் இரண்டு பக்கம் அளவே படித்ததாக அவனே பின்னர்ச் செய்தித்தாள் ஒன்றிடம் சொன்னான். ருஷ்டியோ தாம் பட்ட காயத்தையே ‘கத்தி’ என்ற நூலாக 2024இல் எழுதினார்.

அதே அமெரிக்காவில், 2023–24 கல்வியாண்டில் மட்டும், பள்ளிகளிலிருந்து புத்தகங்கள் விலக்கப்பட்ட நிகழ்வுகள் 10,000க்கு மேல் என்று பென் அமெரிக்கா என்னும் எழுத்தாளர் அமைப்பு கணக்கிட்டது. அங்கே தீக்குச்சி தேவைப்படவில்லை. சட்டமும் குழுத் தீர்மானமும் போதுமானதாக இருந்தன.

ஈழத்தில் நடந்ததைத் தமிழர் மறக்க இயலாது. 1981 மே 31 இரவு வைக்கப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும், திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நாவலாசிரியர் ஒருவருக்கு அச்சமூட்டுவது ஒருவகை. ஓர் இனத்தின் நினைவையே எரிப்பது இன்னொரு வகை. கொடுமையின் அளவு வேறு, வேர் ஒன்றே.

அப்படியானால் எழுத்தால் மனம் புண்பட்டவர்களுக்கு நியாயம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மறுத்துப் பேசலாம், கூட்டம் போடலாம், எதிர்நூல் எழுதலாம். இழை அறுந்தால் நெசவாளி முடிச்சுப் போட்டு மேலே நெய்கிறான். தறிக்குத் தீ வைப்பதில்லை.

இந்தக் கேள்வி எனக்குத் தொலைவிலுள்ள கேள்வி அன்று. எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. முன்பணம் வாங்கிய கடன் தீராமல் தறியோடு கட்டுண்டு கிடப்பவர்கள், பள்ளியை விட்டுத் தார் சுற்ற வந்த பெண் பிள்ளைகள், ஒரு பட்டுச் சேலையை நெய்து முடித்தும் அப்படி ஒன்றை உடுத்த முடியாத பெண்கள் என்று எழுதுவதற்கு எங்கள் தெருவில் எவ்வளவோ இருக்கின்றன. தெருவின் மானத்தை வாங்கிவிட்டதாக யாரேனும் சொன்னால் என்ன செய்வது என்ற எண்ணம் பேனாவைப் பிடித்து நிறுத்துகிறது. சின்ன ஊரில் எழுதுகிறவர் மறைந்துகொள்ள இடம் இல்லை.

யோசித்துப் பார்க்கையில் ஒன்று விளங்குகிறது. புத்தகத்தின் மேல் கோபத்தை மூட்டிவிடுவது அதைப் படிக்காதவர்களிடம்தான் எளிது. எங்கோ ஒருவர் சொன்ன இரண்டு வரியே அவர்களுக்கு முழுப் புத்தகமாகிவிடுகிறது. படிக்க வாய்ப்புக் கிடைக்காதது அவர்கள் குற்றமன்று. ஆனால் அவர்கள் வீட்டிலிருந்துதான் நாம் வந்திருக்கிறோம்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஆகப் போகிறவர்கள். வாரத்திற்கு ஒரு நாள், ஒரு கதையை, அம்மாவுக்கோ பாட்டிக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ முதலிலிருந்து முடிவு வரை உரக்கப் படித்துக் காட்டுவோம். அவர்கள் வாதிடட்டும், திட்டட்டும், அழட்டும். முழுக் கதையையும் கேட்டவரிடம் தீப்பெட்டியைக் கொடுத்து ஏவுவது அவ்வளவு எளிதன்று. எழுத்தாளர்களுக்கு நீதிமன்றம் தரும் காவலை விட, இந்தக் காவலே நெடுநாள் நிற்கும்.