ஒரு ஓட்டு, ரெண்டு கணக்கு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். ஒரு பொய் சொன்ன கதை. சொன்னது 2005 மே மாசம், கிழக்கு லண்டன்ல ஒரு காய்கறிக் கடை வாசல்ல. கேட்டவர் இப்போ உயிரோட இல்லை. இங்கேயாவது கொட்டிடறேன்.

அப்போ ஆபீஸ்ல ஆணி பிடுங்க லண்டன் அனுப்பியிருந்தாங்க. வாடகை குறைச்சல்னு ஸ்டெப்னி பக்கம் வீடு எடுத்தேன். பக்கத்துலயே ஓஷன் எஸ்டேட். பேரைக் கேட்டு கடற்கரை பங்களான்னு நினைச்சுடாதீங்க. நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி வரிசையா அடுக்குமாடிகள். நாட்டிலேயே ரொம்ப ஏழ்மையான பகுதிகள்ல ஒண்ணு. குடியிருக்கிறவங்கள்ல பெரும்பாலும் பங்களாதேஷ்ல சில்ஹெட் பக்கத்துலேர்ந்து வந்தவங்க. நிமிர்ந்து பார்த்தா கேனரி வார்ஃப் வங்கிக் கோபுரங்கள் பளபளன்னு தெரியும்.

டோனி பிளேர் 1997ல பிரதமரான ஒரு மாசத்துக்குள்ள தெற்கு லண்டன்ல ஐல்ஸ்பரி எஸ்டேட்டுங்கிற இதே மாதிரி குடியிருப்புக்குப் போய், இந்த மாதிரி இடங்களை இனி கைவிட மாட்டோம்னு பேசினார். சும்மா பேச்சோட நிக்கலை. 1998ல 'நியூ டீல் ஃபார் கம்யூனிட்டீஸ்'னு ஒரு திட்டம் வந்தது. நாடு முழுக்க 39 பகுதிகள், ஒவ்வொண்ணுக்கும் பத்து வருஷத்துல சுமார் 5 கோடி பவுண்டு. எதுக்குச் செலவு பண்றதுன்னு முடிவு பண்ற குழுவுல அங்கே குடியிருக்கிறவங்களும் உண்டு. ஓஷன் எஸ்டேட்டும் அந்த 39ல ஒண்ணு. அதே வருஷம் ஏழைப் பகுதிக் குழந்தைகளுக்காக 'ஷ்யூர் ஸ்டார்ட்'டும் அறிவிச்சாங்க.

இந்த ஷ்யூர் ஸ்டார்ட்தான் எங்க வீட்டைக் காப்பாத்துச்சு. நாங்க போனப்போ குழந்தைக்கு எட்டு மாசம். குளிர்காலத்துல சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடும். நான் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தா, தங்கமணி லைட்டுகூட போடாம உட்கார்ந்திருப்பாங்க. பேச ஆள் கிடையாது. ஒரு நாள் குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸ் அம்மா ஒரு நோட்டீஸ் குடுத்துட்டுப் போனாங்க. நடந்து போற தூரத்துல ஒரு ஹால். குழந்தைங்களுக்கு விளையாட்டு, அம்மாங்களுக்கு டீ, காசு கிடையாது. ஒரே மாசத்துல தங்கமணிக்கு நாலு சிநேகிதிங்க. "அந்த ஹால் இல்லேன்னா அடுத்த ஃப்ளைட்டுல ஊருக்கு வந்திருப்பேன்"னு இன்னிக்கும் சொல்வாங்க.

இப்போ கடைக்காரர். சில்ஹெட்காரர், அறுபது வயசுக்கு மேல இருக்கும். எல்லாருக்கும் சாச்சா. முருங்கைக்காய், வெத்தலை, ஐஸ் போட்ட ஹில்சா மீன் எல்லாம் கிடைக்கும். எனக்குத் தெரிஞ்ச ஓட்டை இந்தியில நாங்க அரசியல் பேசுவோம். 2003 பிப்ரவரி 15, ஈராக் போர் வேண்டாம்னு லண்டன்ல லட்சக்கணக்கான பேர் ஊர்வலம் போனாங்களே, அன்னிக்கு அவர் கடையைப் பூட்டிட்டுப் போனாராம். சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுட்டு! போர் நிக்கலை. மார்ச் 18ல பார்லிமெண்ட் ஒத்துக்கிச்சு. 20ல படை இறங்கிடுச்சு. எங்க தொகுதி எம்.பி., லேபர் கட்சி ஊனா கிங், போருக்கு ஆதரவா ஓட்டுப் போட்டிருந்தாங்க.

2005 மே 5 பொதுத் தேர்தல். காமன்வெல்த் நாட்டுக்காரங்க அங்கே குடியிருந்தா ஓட்டு உண்டு. அதனால நம்ம இந்திய பாஸ்போர்ட்டுக்கும் ஓட்டு வந்துடுச்சு! ஊனா கிங்கை எதிர்த்து, போரை எதிர்த்ததால லேபர் கட்சியிலேர்ந்து வெளியேத்தப்பட்ட ஜார்ஜ் காலோவே, ரெஸ்பெக்ட்னு புதுக்கட்சி சார்புல நின்னார். சாச்சா கடையில அவர் போஸ்டர்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல். "இத்தனை கோடி கொட்டியிருக்காங்க. உங்க பேரனும் அந்த ஹால்லதான் விளையாடறான். எங்கேயோ நடக்கிற போருக்காக இவங்களைத் தோக்கடிக்கணுமா?"ன்னு கேட்டுட்டேன்.

சாச்சா வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொன்னார். "பேட்டா, நான் முப்பது வருஷமா வரி கட்டறேன். அந்தக் காசுதான் எனக்குத் திரும்பி வருது. யாரும் தானம் பண்ணலை. ஆனா அதே வரிப் பணத்துலதான் குண்டும் வாங்கியிருக்கான். அதுக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா?"

எனக்குப் பதில் வரலை. ஆனா ஓட்டுச்சாவடியில பென்சிலைக் கையில எடுத்ததும் ஞாபகம் வந்தது அந்த ஹாலும் இருட்டுல உட்கார்ந்திருந்த தங்கமணியும்தான். ஊனா கிங்குக்குப் போட்டுட்டு வந்தேன்.

காலோவே 823 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். 2001ல அந்தம்மா பத்தாயிரம் ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்ச தொகுதி அது. மறுநாள் சாச்சா கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் சந்தேஷ் குடுத்தார். "நம்ம பக்கம்தானே போட்டே?"ன்னு கேட்டார். தலையாட்டிட்டேன். ஸ்வீட்டையும் வாங்கித் தின்னேன். அடுத்த வருஷம் ஊருக்கு வந்துட்டோம்.

ரெண்டு கணக்குக்கும் தீர்ப்பு வந்தது ரொம்ப லேட்டாத்தான். 2016 ஜூலையில சில்காட் விசாரணை அறிக்கை வந்தது. போரைத் தவிர்க்கிற மத்த வழிகளை எல்லாம் முயற்சி பண்ணிப் பார்க்காமலே இறங்கிட்டாங்கன்னு சொல்லுச்சு. 179 பிரிட்டிஷ் படையினர் சாவு. ஈராக்ல குறைஞ்சது ஒன்றரை லட்சம் பேர். பிரிட்டனோட நேரடிச் செலவு மட்டும் குறைஞ்சது 920 கோடி பவுண்டு. அந்த 39 பகுதிகளுக்கும் சேர்த்து ஒதுக்கினது சுமார் 200 கோடி. படிச்சப்போ சாச்சா வெத்தலை மடிக்கிறதுதான் கண்ணுல வந்தது.

இன்னொரு தீர்ப்பும் வந்தது. நியூ டீல் பகுதிகளை ஆய்வு பண்ணினவங்க, 36 அளவுகோல்ல 32ல முன்னேற்றம்னு 2010ல சொன்னாங்க. ஷ்யூர் ஸ்டார்ட் மையத்துக்குப் பக்கத்துல வளர்ந்த குழந்தைங்க பதினாறு வயசுப் பரீட்சையில கூடுதலா மார்க் வாங்கினாங்கன்னு 2024ல ஐ.எஃப்.எஸ். ஆய்வு நிறுவனம் சொல்லுச்சு. ஆனா அதுக்குள்ள, 2010ல லேபர் ஆட்சி போனப்புறம், ஷ்யூர் ஸ்டார்ட் நிதியில மூணுல ரெண்டு பங்குக்கு மேல வெட்டி, நிறைய மையங்களை மூடிட்டாங்க. 2022ல பிரதமர் பதவிக்குப் போட்டி போட்ட ரிஷி சுனக், கென்ட்ல ஒரு தோட்டத்துக் கூட்டத்துல, ஏழை நகர்ப் பகுதிகளுக்கு நிதியைத் தள்ளிவிட்ட பழைய ஃபார்முலாக்களை மாத்துற வேலையைத் தான்தான் ஆரம்பிச்சேன்னு பெருமையா சொன்ன வீடியோவும் வெளியே வந்தது.

தானம் இல்லை, உரிமைன்னு சாச்சா சொன்னது சரிதான். ஆனா அந்த உரிமையையும் ஓட்டுப் போட்டுத்தான் காப்பாத்திக்க வேண்டியிருக்கு. என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஹால் கட்டினதைக் காட்டி ஒன்றரை லட்சம் சாவைக் கழிக்க முடியாது. அந்தச் சாவுகளைச் சொல்லி ஹாலை இல்லைன்னும் ஆக்க முடியாது. ரெண்டையும் சேர்த்து ஒரே சீட்டுல ஒரே ஒரு இடத்துல குறி போடச் சொன்னா என்னதான் பண்றது?

ஆனா பொய் சொல்லியிருக்க வேண்டாம். "இல்லை சாச்சா, அந்தம்மாவுக்குத்தான் போட்டேன்"னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பார்? ரெண்டு திட்டு திட்டிட்டு முருங்கைக்காயை நிறுத்துக் குடுத்திருப்பார்.

கொசுறு: அந்த எட்டு மாசக் குழந்தை 2024 ஏப்ரல்ல சென்னையில முதல் ஓட்டுப் போட்டா. வெளியே வந்ததும் "நீ யாருக்குப்பா போட்டே?"ன்னு கேட்டா. உண்மையைச் சொன்னேன். வீடு வர்ற வரைக்கும் சண்டை :-)