ளகரம்: சில குறிப்புகள்

சிறுபத்திரிகை நடத்தியவர்களின் நினைவுக் குறிப்புகளில் அச்சுக்கோப்பவர் தவறாமல் வந்துவிடுகிறார். பெட்டியில் எழுத்துத் தீர்ந்துபோய் ஒரு ஃபாரம் காத்துக் கிடந்தது, கவிதையில் அவர் செய்த பிழையே கவிஞருக்குப் பிடித்துப்போனது என்கிற மாதிரி. அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவரைப் பற்றி நாம் ஒரு வரி எழுதவில்லை. புத்தகம் பக்கமாக மாறுவதற்கான நிரலை எழுதுகிறவரைச் சொல்கிறேன்.

அப்படி ஒருவனை எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து தெரியும். பள்ளிகொண்டாவில் ஒரே பெஞ்சு. நான் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு இங்கேயே வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டேன். அவன் கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்துச் சென்னைக்குப் போனான். வெளிநாட்டு விஞ்ஞான சஞ்சிகைகளுக்குப் பக்கம் கட்டித் தரும் நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளனாகச் சேர்ந்து, இப்போது பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஸீனியர் ஸாஃப்ட்வேர் டெவலப்பர். லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ வெளியாகிற இதய வைத்தியக் கட்டுரையின் அட்டவணை எந்தப் பக்கத்தில் உடையவேண்டும், அடிக்குறிப்பு எங்கே விழவேண்டும் என்பதெல்லாம் சென்னையிலும் புதுச்சேரியிலும் தீர்மானமாகின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முதலில் ஆட்கள் கையால் செய்தார்கள். பிறகு அவன் எழுதிய நிரல் செய்தது. கட்டுரை எக்ஸ்.எம்.எல். குறிகளோடு ஒரு பக்கம் போனால் மறுபக்கம் பக்கமாக வரும். அவன் பதவி உயர உயர, அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்த பக்கம் கட்டுபவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். இதை அவன் வருத்தமாகவும் சொல்வதில்லை, பெருமையாகவும் சொல்வதில்லை.

அவன் அண்ணன் ஆம்பூரில் ஷூவுக்கு அப்பர் தைக்கிறார். அப்பர் இங்கே, முத்திரை எங்கேயோ. "நானும் அப்பர்தான்டா தைக்கிறேன். தோலுக்குப் பதிலா பேப்பர்" என்று ஒருமுறை சொன்னான். உவமை என்று கருதி நான் ரசித்தேன். அவன் உவமையாகச் சொல்லவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு மேதையின் சரித்திரம் உண்டு. டொனால்ட் க்னூத் கணிதக்காரர். 1977இல் தம்முடைய பெரிய நூலின் இரண்டாம் பாகத்துக்கு, மறுபதிப்பின் மெய்ப்பு வந்ததும் அதன் அவலட்சணத்தைச் சகிக்கமுடியாமல், நூல் எழுதுவதை நிறுத்திவைத்துவிட்டு அச்சுக்கோக்கும் நிரலை எழுத உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை சுமார் பத்து வருஷம் பிடித்தது. 'டெக்' என்ற அந்த நிரல், வரியை வரியாகப் பார்ப்பதில்லை. பத்தி முழுவதையும் மனசில் வைத்துக்கொண்டுதான் முதல் வரியை எங்கே உடைப்பது என்று முடிவுசெய்யும். நம் உரைநடைக்காரர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2.56 டாலருக்குக் காசோலை அனுப்புவார். பெரும்பாலோர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். காசோலை மோசடிக்குப் பயந்து 2008 முதல் இல்லாத ஒரு தீவின் இல்லாத ஒரு வங்கியின் பேரில் வைப்புச் சான்றிதழ் தருகிறார். வங்கி குமாஸ்தாவான எனக்கு, என் தொழில் இலக்கியத்தின் பக்கம் இவ்வளவு நெருங்கி வந்த சந்தர்ப்பம் வேறெதுவும் நினைவில்லை.

நமக்கும் ஒருவர் இருந்தார். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. சிறுகதைக்காரர், ஆசிரியர்; 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். கணியன் என்று பெயரிட்டுத் தமிழ் எழுத்துருவும் உள்ளீட்டு முறையும் செய்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை அந்நாட்டின் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றினார்கள். தமிழ்ப் பக்கங்கள் அவர் முயற்சியில் ஏறின. இணையத்தில் தமிழ் தெரிந்த ஆகமுந்திய பக்கங்களில் அது ஒன்று. அதில் இருந்தது கவிதை. கூட நின்றவர் டான் டின் வீ, உயிர்வேதியியல் பேராசிரியர். 1997இல் தமிழ் இணையத்துக்கென்று சிங்கப்பூரில் மாநாடு கூட்டி, 1999இல் கோவிந்தசாமி காலமானார். அவர் கதைகளைப் பற்றி இங்கே இரண்டொருவர் பேசியிருக்கலாம். கதை எழுதிய கை ஏன் எழுத்தையே செய்யப் போயிற்று என்ற கேள்வி இங்கே எழவே இல்லை. விமர்சனத்தின் விஷயம் அல்ல என்று ஒதுக்கிவிட்டோம்.

விமர்சனத்தின் விஷயம்தான் என்று நான் நினைக்கத் தொடங்கியது போன வருஷம். எங்கள் ஜில்லாவில் நின்றுபோன ஒரு பத்திரிகையின் பதினோரு இதழ்கள் அடங்கிய குறுந்தகடு என் கைக்கு வந்தது. நடத்தியவர் போய்விட்டார். அச்சுப் பிரதிகளில் பாதி கரையானுக்கு. எல்லாம் பேஜ்மேக்கரில் கட்டியவை. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. தமிழ் அச்சகங்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் அதைக் கட்டிக்கொண்டு அழுதன. எழுத்துருவோ அவரவர் இஷ்டத்துக்குச் செய்துகொண்டது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கதை முழுவதும் மந்திரவாதி உச்சாடனம். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் வந்துவிட்டது. ஆனாலும் நம் பத்திரிகைகள் இரண்டு தசாப்தம் இந்த உச்சாடனத்திலேயே தட்டெழுதப்பட்டன. நண்பனிடம் கொடுத்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை எழுதினான். நேருக்குநேர் மாற்றவேண்டியதுதானே, இதற்கு மூத்த டெவலப்பர் வேண்டுமா என்று எனக்கு. நான்காம் ஞாயிறு வந்து உட்கார்ந்து, "மௌனியை என்னடா பண்றது?" என்றான்.

விவரம் இது. ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்று. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே இடம். ஆகவே 'மௌனம்' என்பது கொம்பு, மகரம், ளகரம், பிறகு 'னம்'. 'வெளி' என்பதும் கொம்பு, வகரம், ளகரம், பிறகு இகரச் சுழி. தாளில் படிக்கிறவன் கண் தானே பிரித்துக்கொள்ளும். யூனிகோடில் இரண்டும் வேறு வேறு எழுத்து. நிரல் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தேர்ந்தெடுக்கத் தெரியாத நிரல் ஒன்று 'வெளி' என்ற சொல்லை ஔகாரமாக்கி, சுழியை அந்தரத்தில் தொங்கவிட்டது. நம் கவிஞர்களிடமிருந்து மௌனத்தையும் வெளியையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சுழி வந்தால் அது ளகரம் என்று விதி வைத்து 'வெளி'யைக் காப்பாற்றிவிட்டான். ஒன்றும் ஒட்டாமல் வெறும் ளகரம் நின்றால்? அது ஔகாரக் குறிதான் என்று அடுத்த விதி. மௌனம், கௌரவம், சௌகரியம், பௌர்ணமி எல்லாம் சரியாக வந்தன. எழுத்துத் தமிழைப் பொறுத்தவரை விதி ஏறத்தாழ நிற்கிறது. ஆனால் இந்தப் பத்திரிகையின் கதைகளில் பாதி எங்கள் பக்கத்துப் பேச்சில் எழுதியவை. விளக்கு அங்கே வெளக்கு. மிளகாய் மெளகா. கிளம்பு கெளம்பு. விதி அத்தனையையும் ஔகாரமாக்கிவிட்டது. பாலாற்று ஓரத்தில் பேசுகிற வாய்க்கு 'கௌம்பு' என்று ஒரு சொல் முளைத்தது.

கவனிக்கவேண்டியது, விதி குருட்டாம்போக்கில் தவறவில்லை. சம்ஸ்கிருதத்திலிருந்து வந்த சொற்களுக்கு அது துல்லியமாக இருந்தது. பேர்ணாம்பட்டுத் தோல் மண்டியில் பேசுகிறவனுக்குத் தவறியது. 1978இல் ணா, றா, னா, லை வடிவங்களை மாற்றி அரசாணை வந்தபோது வாதாட ஆள் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். இந்த ளகரம் எந்தக் கூட்டத்திலும் விவாதிக்கப்படவில்லை; எங்கோ ஒருவன் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு விதி எழுதுகிறான், ஒரு வட்டாரத்தின் வாய் கோணிப்போகிறது. அவனுக்குத் தமிழ் தெரியவேண்டும் என்று அவனை வேலைக்கு எடுக்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை. பதினைந்து வருஷத்தில் தன் நிரலில் ஒரு தமிழ்ப் பக்கம் போனதில்லை என்று நண்பன் சொல்கிறான்.

அவன் சொற்பட்டியல் ஒன்று தயாரித்தான். அதற்கும் அடங்காதவற்றை, தொழிலில் பழகியபடி, ஆசிரியர் வினா என்று குறியிட்டு ஒதுக்கினான். சஞ்சிகைகளில் இது நித்திய வழக்கம்: சந்தேகம் வந்தால் ஓரத்தில் எண் போட்டுக் கட்டுரையாளரைக் கேட்பார்கள், அவர் மறுநாள் பதில் அனுப்புவார். அச்சடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். நாற்பத்திரண்டு வினாக்கள். இவற்றைக் கேட்க ஆள் இல்லை. எழுதியவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள், ஒருவரை எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

"நீதான விமர்சகன்? சொல்லு" என்றான்.

முப்பதுக்கு மேல் சுலபம். ஒன்றில் இரண்டு பேருக்கும் தகராறு. கருவாடு விற்கிறவளைப் பற்றிய கதை. கடைசிக்கு முந்தின வரியில் எழுவாய் இல்லை. கூடை சரிந்திருக்கிறது, நாய் நிற்கிறது, பிறகு அந்தச் சொல், பிறகு 'இழுத்துக்கொண்டு போகிறது' என்பதற்குப் பதிலாக 'இழுத்துக்கிட்டுப் போவுது'. ஔகாரமானால் 'கௌவி': நாய் பல்லால் பற்றி இழுத்துப் போகிறது. ளகரமானால் 'கெளவி': இந்த ஆசிரியரிடம் கிழவி எப்போதும் கெளவிதான், கூடையை அவளே இழுத்துப் போகிறாள். கதை முடிகிற விதமே வேறாகிறது. கதையில் மற்ற பதினான்கு இடங்களில் அந்தச் சொல் கிழவியைத்தான் குறிக்கிறது என்று அவன் எண்ணிக் காட்டினான். அந்தப் பதினான்கிலும் அவளைப் பெயர் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் கடைசியில் நாயின் பக்கம் கண்ணைத் திருப்புகிறார் என்பது என் வாசிப்பு. ஔகாரம் போடச் சொன்னேன். அவன் போடவில்லை. நிரலில் அந்த ஒரு இடத்தை மட்டும் பழைய எழுத்துருவிலேயே விட்டுவைத்திருக்கிறான்.