முதற்படியை எறியாதீர்



நான் செய்த பிழை ஒன்றை இன்று எழுத வேண்டும். அதற்கு முன், சாங்கியில் உள்ள ஒரு சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுள் ஸ்டான்லி வாரனும் ஒருவர். சிறுநீரக நோயாலும் வயிற்றுக்கடுப்பாலும் நலிந்து, ராபர்ட்ஸ் படைமுகாமில் இயங்கிய கைதிகள் மருத்துவமனையில் கிடந்தார். அந்நிலையிலும், அங்கிருந்த புனித லூக்கா சிற்றாலயத்தின் சுவர்களில் ஐந்து பெரிய சமயச் சித்திரங்களைத் தீட்டினார். வண்ணத்துக்கு எங்கே போவது? உருமறைப்புக்கு அடிக்கும் பழுப்பு வண்ணம், பில்லியர்ட்ஸ் கோலுக்குப் பூசும் நீலச் சுண்ணக்கட்டி எனச் சக கைதிகள் தேடித் தந்தவைதாம்.

பின்னர் அவ்வறை கிடங்காயிற்று. சித்திரங்கள் வெள்ளைப்பூச்சுக்குள் மறைந்தன. 1958-இல் அவை மீண்டும் வெளிப்பட்டன. அப்போது வாரன் லண்டனில் ஓவிய ஆசிரியர். பழைய துயரத்தை மறுபடி காணத் தயங்கியவர், 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் வந்து தம் சித்திரங்களைப் புதுப்பித்தார்.

ஒன்றை மட்டும் அவரால் மீட்க இயலவில்லை. சிறையிலிருக்கும் லூக்காவைக் காட்டும் சித்திரத்தின் கீழ்ப்பகுதி, சுவரை இடித்தபோது அழிந்திருந்தது. அங்கே என்ன வரைந்தோம் என்பது வரைந்தவருக்கே நினைவில்லை! 1985-இல் அதன் முதல் வரைபடம் கிடைத்தது. அதைக் கொண்டு, முழுக்காட்சியையும் உணர்த்தும் சிறு சித்திரமொன்று அதன் கீழே இடம்பெற்றது. ரூபன்ஸ் போன்ற ஐரோப்பியப் பேரோவியர்கள் பலிபீடப் படங்களுக்காக எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய முன்வரைவுகளை அரும்பொருளகங்கள் ஏன் போற்றிக் காக்கின்றன என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இனி என் பிழை. தொடக்கநிலை ஐந்தில் பயின்ற மாணவன் ஒருவன் ‘என் தாத்தா’ என்று கட்டுரை எழுதினான். தேக்கா சந்தையில் காய்கறி விற்றவர் அவர். அவர் கையில் வீசும் கொத்தமல்லி மணம், சில்லறை எண்ணும்போது முணுமுணுக்கும் பழக்கம் என்று ஏதேதோ எழுதி அடித்துத் திருத்தியிருந்தான். “இவை வேண்டா” என்று சிவப்பு மையால் நீக்கினேன். மனப்பாடம் செய்த அழகிய தொடர்களைச் சேர்த்து எழுதச் சொன்னேன். செவ்வைப்படிக்கு நல்ல மதிப்பெண் தந்தேன். கசங்கிய முதற்படி குப்பைக்கூடைக்குப் போயிற்று.

மறு ஆண்டு தாத்தா காலமானார். அவனுடைய தாய் வந்து அக்கட்டுரையைக் கேட்டார். செவ்வைப்படியை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். “நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இதுல எங்க மாமா இல்லையே” என்றார்.

அவனை அழைத்து முதலில் எழுதியதைக் கேட்டேன். “மறந்துபோச்சு டீச்சர்” என்றான். எனக்கும் நினைவிலிருந்தவை மேலே சொன்ன இரண்டு செய்திகள் மட்டுமே. அவற்றை ஒரு தாளில் எழுதி அத்தாயிடம் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

அன்று முதல் என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு உண்டு. அடித்தல் திருத்தலோடு முதற்படிகள் அதில் இருக்கும். ஆண்டிறுதியில் அவை வீட்டுக்குச் செல்லும். பெற்றோரே, டிசம்பர் விடுமுறையில் பழைய தாள்களைக் கழிக்கும்போது அவற்றை ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாரேனும் அதில் இருக்கக்கூடும்.