எழுவாய் இல்லாத வாக்கியம்

"ஆர்ப்பாட்டக்காரர்களைக் கலைக்கக் குறைந்தபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டது." பொலிஸ் அறிக்கைகளில் வரும் இவ்வகை வாக்கியங்களைப் பல ஆண்டுகளாக நானும் திருத்தாமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். பிரயோகித்தவர் யார், உத்தரவிட்டவர் யார் என்பது அவற்றில் இராது.

2011இல் கட்டுநாயக்கவில் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்த தொழிலாளர்கள் மீது பொலிஸார் சுட்டதில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார். பின்னர் பிரேசிலுக்கான தூதுவரானார். பதவி விலகலையே பொறுப்புக்கூறலாக எண்ணி நாமும் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

2022 ஏப்ரல் 19இல் ரம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்தோர் மீது பொலிஸார் சுட்டனர், ஒருவர் மாண்டார். சுடுமாறு கட்டளையிட்ட அதிகாரிகளைக் கைதுசெய்யும்படி கேகாலை நீதிவான் பணித்தார். இலக்கணம் படித்த நான் தேடத் தவறிய எழுவாயை அன்று ஒரு நீதிவான் தேடினார்.