வடகிழக்குக் காற்று

நவம்பர் 9, டுலூத்

நாளை வடகிழக்குக் காற்று வலுக்குமாம். சுப்பீரியர் ஏரிக்கரையில் எல்லோரும் அஞ்சும் திசை அது. ஏரியின் நீளம் சுமார் 560 கிலோமீட்டர். டுலூத் அதன் மேற்குக் கோடி. வழிநெடுகத் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரையெல்லாம் காற்று இங்கேதான் கொண்டுவந்து கொட்டும். பேட்டரிகளுக்கு சார்ஜ் போட்டாயிற்று. லென்ஸ் துடைக்க ஆறு துண்டுகள்.

நவம்பர் 10, காலை

கப்பல் கால்வாயின் சுவரைத் தாண்டி அலை விழுகிறது. கடலலையின் நிதானம் இதற்கு இல்லை. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வருகிறது. உதட்டில் தெறித்தது நல்ல தண்ணீர். உப்பு கரிக்காத புயல் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஷட்டரை 1/1000இல் வைத்தால் துளிகள் கண்ணாடிச் சில்லாக நிற்கின்றன. கால் நொடிக்கு இறக்கினால் அலை பஞ்சாகிவிடுகிறது. பலருக்கு அது பிடிக்கும். எனக்கு, இப்படி அடிக்கிற தண்ணீருக்கு அது பொய்.

சுவர்மேல் ஏறவில்லை. 1967 ஏப்ரலில் சகோதரர்கள் மூவரை அலை இங்கிருந்து இழுத்துப் போனது. கயிறு கட்டிக்கொண்டு தேடப்போன கடலோரக் காவல்படை வீரர் ஒருவரும் மாண்டார். 1905 நவம்பர் 28இல் மடாஃபா என்ற கப்பல் இந்தச் சுவரில் மோதி, கரைக்கு இருநூறு மீட்டர் தூரத்தில் தரைதட்டி உடைந்தது. ஊரே கரையில் தீ மூட்டி இரவெல்லாம் நின்றது. படகு இறக்க முடியவில்லை. விடிந்தபோது பின்பகுதியில் இருந்த ஒன்பது பேரும் இறந்திருந்தார்கள், பலர் குளிரில் விறைத்து. அவர்கள் நின்ற கரையில் நின்று அலைக்குப் படச்சட்டம் தேடுகிறேன். அழகு என்று சொல்ல வாய் கூசுகிறது. ஆனாலும் கேமராவை இறக்கவில்லை.

மாலை, ஸ்ப்ளிட் ராக்

வடகிழக்கே 75 கிலோமீட்டர். 1905 புயலுக்குப் பிறகு கட்டப்பட்டு 1910இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம், செங்குத்துப் பாறையின் உச்சியில். 1969இல் பணி நின்றுவிட்டது. ஆனால் 1975இல் இதே நாளில் எட்மண்ட் ஃபிட்ஜெரால்ட் கப்பலோடு மூழ்கிய 29 பேருக்காக ஆண்டுதோறும் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி; பிறகு ஏரிகள் கொண்டுபோன எல்லோருக்கும் ஒன்று. கீழே கூழாங்கல் கரையில் நிற்கிற எனக்குக் காற்றினூடே எட்டோ ஒன்பதோதான் கேட்டது.

விளக்கு எரிந்தது. பத்து நொடிக்கு ஒரு வீச்சு. அலை எழும் கணமும் வீச்சும் சேரவேண்டும். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/15. நீர் கொஞ்சம் கலங்கித்தான் விழும், வேறு வழியில்லை. ஒவ்வொரு படத்துக்கும் துண்டு. நாற்பது நிமிடத்தில் இரண்டு முறை சேர்ந்தது.

நவம்பர் 11

காற்று இறங்கிவிட்டது. நேற்றுக் காலை எடுத்த நானூறில், கால்வாய் முனை விளக்குக் கோபுரம் தெரியும் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றவற்றில் அலையின் உயரமே தெரியவில்லை.