அருகிருந்தும் தொலைவு

தூரம் வேறு, இடப்பெயர்ச்சி வேறு என்று இயற்பியலில் படிக்கிறோம். இதற்கு எங்கள் முத்துக்குளித்துறையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ?

வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 267 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 32 நிமிடம்! ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் போதும். ஆனால் நேர் விமானம் இல்லையே! வடக்கே சென்னைக்கு 527 கிலோமீட்டர்; அங்கிருந்து தெற்கே 643; ஆக 1170. நான்கு மடங்குக்கும் மேல்! காத்திருக்கும் நேரம் தனி. மதுரையில் விமானம் ஏறலாமென்றால், முதலில் சாலையில் வடக்கே போகவேண்டும்.

நம் முன்னோர்க்கு இந்தச் சுற்று இல்லை. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி இங்கிருந்தே கொழும்புக்குக் கப்பல் விட்டது. 2011 ஜூனில் மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று.

எங்கள் ஆச்சியின் அண்ணன் கொழும்பிலேயே தங்கிவிட்டவர். அவர் இறந்த செய்தி காலையில் தொலைபேசியில் வந்தது, மாலையில் அடக்கம். பாஸ்போர்ட் இருந்தும் ஆச்சியால் முகம் பார்க்கப் போகமுடியவில்லை. "இந்தா, எதுத்தாப்பலதான இருக்கு கொழும்பு!" என்று கடலைக் காட்டி அழுதாள்.

2025 ஜூலையில் இங்கே புதிய விமான முனையம் திறக்கப்பட்டது. இனி வேண்டுவது குடிவரவு, சுங்க வசதியும் ஒரு சிறிய விமானமுமே. இடப்பெயர்ச்சியை நம்மால் மாற்ற இயலாது. தூரத்தைக் குறைக்க இயலுமன்றோ!